தாமஸ் மன்றோ: பட்டாவுக்குப் பின்னால் இருக்கும் மனிதர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் தாத்தா காலத்துப் பட்டா ஒன்று இருக்கிறது. பட்டாதாரர் பெயர், சர்வே எண், நஞ்சையா புஞ்சையா, எவ்வளவு நிலம், தீர்வை எத்தனை ரூபாய் என்று எல்லாம் ஒரே தாளில். சின்ன வயதில் அதை வெறும் காகிதமாகத்தான் பார்த்தேன். உழுகிறவன் பெயரும் அரசுக்கு அவன் கட்ட வேண்டிய தொகையும் நடுவில் யாரும் இல்லாமல் ஒரே தாளில் வந்தது எப்படி என்று தேடத் தொடங்கியபோதுதான் சர் தாமஸ் மன்றோவிடம் போய்ச் சேர்ந்தேன். சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் சிலையாகப் பலருக்கும் தெரிந்தவர். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மன்றோ யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1761 மே 27 அன்று பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் கேடட்டாகச் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னைக்கு வந்தார். பாரமகாலில் துணை அதிகாரி, கனராவில் கலெக்டர், கடப்பை, பெல்லாரி, அனந்தபூர் பகுதிகளில் முதன்மைக் கலெக்டர், நீதித்துறைச் சீர்திருத்தக் குழுவின் தலைவர், மராட்டியப் போரில் தளபதி என்று பல பொறுப்புகளில் இருந்து, 1820இல் சென்னை மாகாண ஆளுநரானார். ஆளுநர் பதவியில் இருக்கும்போதே, 1827 ஜூலை 6 அன்று, பத்திகொண்டா என்ற ஊரில் காலராவில் இறந்தார்.

அவர் ஏன் இந்தியாவுக்கு வந்தார்?

குடும்பம் நொடித்ததால். அப்பா அலெக்சாண்டர் மன்றோ அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் வந்ததும் அந்த வணிகம் படுத்துவிட்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்த பையனுக்குக் கம்பெனிப் படைதான் வழியாகத் தெரிந்தது. சிறு வயதில் வந்த அம்மையால் காது கொஞ்சம் மந்தம். மொழி என்றால் ஆர்வம் அதிகம். ஸ்பானிய நாவல் ஒன்றை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்பதற்காக அந்த மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டவர். இங்கே வந்தபின் பாரசீகத்தையும் இந்துஸ்தானியையும் கற்றார். பிற்காலத்தில் அவரை மற்ற அதிகாரிகளிடமிருந்து பிரித்துக் காட்டியது இந்தப் பழக்கம்தான். மக்கள் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் வாய்வழியாக மட்டும் கேட்கும் நிலை அவருக்கு இல்லை.

வந்த புதிதில் வாழ்க்கை வசதியாக இல்லை. இந்தியாவுக்கு வரும்வரை பசி, தாகம், களைப்பு, வறுமை எதுவும் தனக்குத் தெரியாது என்றும், மூன்று ஆண்டுகளுக்குப் புத்தகமோ தோட்டாப் பையோதான் தலையணை என்றும் தங்கைக்கு எழுதினார். நான்கு குறுக்குக் கட்டைகளில் இழுத்துக் கட்டிய கித்தான்தான் கட்டில். அந்தச் சம்பளத்திலும் பெற்றோருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

முதலில் படைவீரர்தானே? போரில் என்ன பார்த்தார்?

வந்த ஆண்டே ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. உதவிக்குப் போயிருக்க வேண்டிய பெரிய படை காஞ்சிபுரத்திலேயே நின்றுவிட்டது. அதன் தளபதி ஹெக்டர் மன்றோ. பெயர்தான் ஒன்று, உறவில்லை. அவர் கனரக பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். பத்தொன்பது வயது தாமஸ் அந்தப் படையில்தான் இருந்தார். வெள்ளைக்காரர்கள் தோற்க மாட்டார்கள் என்ற எண்ணம் அவருக்கு முதல் ஆண்டிலேயே போயிருக்கும் என்று நினைக்கிறேன். மைசூர் அரசின் குதிரைப்படை, அதன் நிர்வாகம், அது வரி வசூலித்த முறை எல்லாவற்றையும் அவர் பிற்காலத்தில் மதிப்போடுதான் எடைபோட்டார்.

படைவீரர் எப்படி வரி வசூல் வேலைக்கு வந்தார்?

1792இல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாரமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருப்பத்தூர் வட்டாரம். ஆளுநர் ஜெனரல் காரன்வாலிஸ் அதைச் சென்னையின் சிவில் அதிகாரிகளிடம் ஒப்படைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு ஊர்மொழி தெரியாது, ஊர்க்கணக்கும் தெரியாது. துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களை நம்பித்தான் காலம் தள்ளினார்கள். அதனால் படையைச் சேர்ந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீடைப் பொறுப்பாளராக்கி, மன்றோ, மெக்லியாட், கிரகாம் என்ற மூன்று படை அதிகாரிகளை உதவிக்குக் கொடுத்தார். மன்றோவுக்குத் தருமபுரிப் பக்கம் கிடைத்தது. 1799 வரை ஏழு ஆண்டுகள் அங்கேதான்.

அந்த ஏழு ஆண்டுகள்தான் அவருடைய உண்மையான படிப்பு என்பேன். கூடாரத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். விடிந்ததிலிருந்து நள்ளிரவு நெருங்கும்வரை, சாப்பாட்டு நேரம் தவிர, சுற்றி ஆள் இருந்துகொண்டே இருக்கும். ஊர்க் கணக்கரான கர்ணம் ஒரு கணக்குச் சொல்வார், ஊர்த் தலைவரான மணியக்காரர் வேறொன்று சொல்வார், ஏரி உடைந்தது என்பார் ஒருவர், மாடு செத்தது என்பார் இன்னொருவர். அத்தனையையும் கேட்டு, யார் எவ்வளவு கட்ட முடியும் என்று முடிவு செய்ய வேண்டும்.

தருமபுரியில் தமக்கென்று ஒரு தோட்டம் போட்டார். அங்கிருந்து மாற்றப்பட்ட பிறகு எழுதிய கடிதங்களில் அந்தத் தோட்டத்தை நினைத்து ஏங்குகிறார். தருமபுரியில் இன்றும் அவர் பெயரில் நினைவுத் தூண் உண்டு.

ரயத்துவாரி என்றால் என்ன? ஜமீன்தாரி முறையிலிருந்து எப்படி வேறு?

ரயத்து என்றால் உழவர், குடியானவர். ரயத்துவாரியில் அரசு ஒவ்வொரு குடியானவரோடும் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. நிலத்தை அளந்து, மண்ணின் தரம் பார்த்து, வயல் வாரியாகத் தீர்வை வைத்து, பட்டாவை அவர் பெயருக்கே கொடுக்கிறது. அடுத்த ஆண்டு ஒரு வயலை வேண்டாம் என்று விட்டுவிடலாம், இன்னொன்றைக் கூடுதலாக எடுக்கலாம். தீர்வை கட்டும்வரை அவரை யாரும் வெளியேற்ற முடியாது என்பது அடிப்படை.

ஜமீன்தாரி முறையில் அரசுக்கும் உழவருக்கும் நடுவில் ஒரு ஜமீன்தார் இருப்பார். வங்காளத்தில் 1793இல் காரன்வாலிஸ் இதை நிரந்தரமாக்கினார். ஜமீன்தார் அரசுக்குக் கட்ட வேண்டியது மாறாது. உழவரிடம் அவர் வாங்குவதற்குத்தான் கேட்பாரில்லை. 1802இலிருந்து அதே முறை சென்னை மாகாணத்திலும் புகுத்தப்பட்டது. சேலம் பகுதியில் ரீடும் மன்றோவும் அளந்து வைத்த நிலங்களையே துண்டு போட்டு, ‘மிட்டா’ என்று பெயர் வைத்து ஏலம் விட்டார்கள். அந்தப் பக்கத்தில் மிட்டாதார் என்ற சொல் அப்படி வந்ததுதான்.

அப்படியானால் ரயத்துவாரியைக் கண்டுபிடித்தவர் மன்றோவா?

இல்லை. பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். பாரமகாலில் தொடங்கியவர் ரீட். உழவரிடம் நேராக வரி வாங்குவதும் புதிதல்ல. ஹைதரும் திப்புவும் பாளையக்காரர்களை ஒதுக்கிவிட்டு அதைத்தான் செய்ய முயன்றார்கள். மன்றோ செய்தது வேறு. கம்பெனியின் பெரும்பாலான மேலதிகாரிகள் ஜமீன்தாரி பக்கம் சாய்ந்திருந்தபோது, இருபது ஆண்டுகள் விடாமல் எழுதியும் வாதாடியும் இந்த முறையை மாகாணம் முழுவதற்கும் கொள்கையாக ஆக்கினார்.

கனராவில் என்ன செய்தார்?

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. மைசூரைப் பங்கிட்ட குழுவுக்கு மன்றோவும் ஜான் மால்கமும் செயலாளர்கள். அது முடிந்ததும் மன்றோவை மேற்குக் கடற்கரைக்கு, கனராவுக்கு அனுப்பினார்கள். ஓயாத மழையும் காடும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓராண்டுக்குச் சற்று அதிகமாகத்தான் இருந்தார். ஆனால் அங்கே பழைய கணக்குச் சுவடிகளைப் புரட்டியதில், விஜயநகரக் காலத்திலிருந்தே தனியாருக்கு நிலவுரிமை இருந்திருக்கிறது, வரியும் குறைவாகவே இருந்திருக்கிறது என்று கண்டார். நிலமெல்லாம் அரசனுடையது என்ற ஐரோப்பிய எண்ணத்துக்கு அது நேர் எதிரான சான்று.

‘ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்கள்’ என்பது எது? அங்கேதான் அவர் பெயர் பெற்றாரா?

ஆமாம், அங்கேதான். தம் நாட்டில் கம்பெனிப் படையை வைத்துக்கொள்வதற்கான செலவுக்கு ஈடாக, ஹைதராபாத் நிஜாம் 1800இல் பெல்லாரி, அனந்தபூர், கடப்பை, கர்னூலின் ஒரு பகுதி ஆகியவற்றைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். மழை குறைந்த, கல்லும் கரடுமான பூமி. தெலுங்கில் தத்த மண்டலம் என்பார்கள். இதன் பெரும்பகுதிக்கு இன்றைய பெயர் ராயலசீமை. மன்றோ அங்கே 1800 முதல் 1807 வரை முதன்மைக் கலெக்டர். கீழே நான்கு துணைக் கலெக்டர்கள்.

சுமார் 80 பாளையக்காரர்கள் இருந்தார்கள். மன்றோ அவர்களைக் கையாண்ட விதத்தை மெல்லப் பூசி மெழுகக் கூடாது. கட்ட முடியாத அளவுக்குப் பேஷ்குஷ் என்ற கப்பம் கேட்பது, கட்டாவிட்டால் படை அனுப்பிப் பாளையத்தைப் பிடுங்குவது, பிறகு ஓய்வூதியம் கொடுத்து உட்கார வைப்பது என்பதுதான் வழி. இந்தக் கடுமையை லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களே ஏற்கவில்லை. அப்படிப் பாளையம் இழந்து ஓய்வூதியத்தில் நின்ற குடும்பம் ஒன்றிலிருந்துதான் உய்யாலவாடா நரசிம்ம ரெட்டி வந்தார். 1846இல் அவர் எழுச்சி செய்ததும், 1847இல் கோயில்குண்ட்லாவில் தூக்கிலிடப்பட்டதும் மன்றோ விட்டுப்போன கணக்கின் தொடர்ச்சிதான்.

அதே மன்றோ, உழவர்கள் நடுவே போகும்போது சிப்பாய் காவல் வைத்துக்கொள்ள மாட்டார். காவலோடு போனால் மக்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அவர் எண்ணம். அந்தப் பெரிய நிலப்பரப்பை வயல் வயலாக அளந்து, தரம் பிரித்து, தீர்வை வைத்தார்கள். சங்கிலி பிடித்தவர்கள், மண் பார்த்தவர்கள், கணக்கு எழுதியவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்களே. அவர்கள் பெயர்கள் எதுவும் சிலையில் இல்லை. அந்த வேலையின் பெரும்பகுதி அவர்களுடையது என்பதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

தீர்வை எவ்வளவு? அது நியாயமாக இருந்ததா?

மொத்த விளைச்சலில் சுமார் 45 சதவீதம். செலவு கழித்த லாபத்தில் இல்லை, களத்தில் குவிந்த மொத்தத்தில். விதை, மாடு, ஆள்கூலி எல்லாம் மிச்சத்திலிருந்துதான். இதை நியாயம் என்று யாராலும் சொல்ல முடியாது. மன்றோவும் சொல்லவில்லை.

அங்கிருந்து கிளம்புவதற்கு முன், 1807இல், தாம் வைத்த தீர்வையையே 25 சதவீதம் குறைக்க வேண்டும், கிணறும் ஏரியும் பாயும் நிலத்துக்கு இன்னும் 8 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நிலத்துக்கு மதிப்பே இருக்காது, அதை விற்கவும் முடியாது, வாங்கவும் ஆள் இருக்காது என்பது அவர் வாதம். அரசு ஏற்கவில்லை. போர்களுக்குப் பணம் வேண்டியிருந்தது. அவர் கப்பலேறியதும் ரயத்துவாரியையே நிறுத்திவிட்டு, கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டார்கள். 1820இல் அவரே ஆளுநராக வந்துதான் அந்தக் குறைப்பைக் கொண்டுவர முடிந்தது. நடுவில் பதின்மூன்று ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் நிலத்தைப் போட்டுவிட்டுப் போன குடும்பங்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

வேலூர்ப் புரட்சி பற்றி அவர் என்ன சொன்னார்?

1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, திப்புவின் மகன்களின் சதி என்று பல அதிகாரிகள் நம்பினார்கள். ஆளுநர் பென்டிங்க் மன்றோவிடம் கருத்துக் கேட்டார். மன்றோ உள்ளூர் மக்களிடம் விசாரித்துவிட்டு, காரணம் புதிய தலைப்பாகையும், சாதி அடையாளத்தையும் மீசை தாடியையும் பற்றிய உத்தரவுகளும்தான் என்று எழுதினார். தங்களைக் கிறிஸ்தவர்களாக்கப் பார்க்கிறார்கள் என்று சிப்பாய்கள் நினைத்தார்கள். விவரம் தெரிந்த மக்களும் அப்படியே நினைக்கிறார்கள் என்றார். ஆளுநரான பிறகும் இதில் உறுதியாக இருந்தார். பெல்லாரியில் துணைக் கலெக்டர் ஒருவர் சமயத் துண்டுப்பிரசுரம் கொடுத்தபோது, அரசு அதிகாரி பாதிரியார் வேலை பார்க்கக் கூடாது என்று கண்டித்தார்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தியாவுக்கு ஆதரவாகப் பேசினாராமே?

1808இல் ஊர் திரும்பியவர், கம்பெனியின் உரிமத்தைப் புதுப்பிக்கும் விவாதத்தில் 1813இல் சாட்சியம் சொன்னார். இந்தியர்கள் பிரிட்டனின் சரக்குகளை நிறைய வாங்குவார்களா என்று கேட்டார்கள். வாங்க மாட்டார்கள், அவர்களுடைய சொந்தச் சரக்கே நல்ல தரத்தில் இருக்கிறது என்றார். ஏழு ஆண்டுகளாக ஒரு இந்தியச் சால்வையைப் பயன்படுத்துவதாகவும், அது இன்னும் புதிது போலவே இருப்பதாகவும், ஐரோப்பியச் சால்வையைப் பரிசாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றும் சொன்னார். அப்புறம் இன்னொன்று. நல்ல வேளாண்மை, கைத்திறன், ஊர்தோறும் பள்ளி, விருந்தோம்பல், பெண்களை மதிப்பது இவையெல்லாம் நாகரிகம் என்றால், அந்த நாகரிகம் இரு நாடுகளுக்கும் நடுவே வணிகப் பொருளானால், இறக்குமதியால் லாபம் அடைவது இங்கிலாந்துதான் என்றார்.

நடந்தது என்னவோ வேறு. ஆலைத்துணி வந்து நம் நெசவாளர்களை நொறுக்கியது. சந்தையைப் பற்றிய அவர் கணிப்பு தவறிப்போனது. சரக்கின் தரத்தைப் பற்றிச் சொன்னது தவறவில்லை.

மறு ஆண்டு, 1814 மார்ச்சில், ஜேன் கேம்பெல்லை மணந்துகொண்டார். அந்த ஆண்டே சென்னைக்குத் திரும்பினார்.

கலெக்டருக்கு இவ்வளவு அதிகாரம் வந்தது இவரால்தானா?

தென்னிந்தியாவில், பெரும்பாலும் ஆமாம். காரன்வாலிஸ் ஏற்பாட்டில் கலெக்டர் வரி வாங்குவார். காவலும் குற்ற விசாரணையும் ஜில்லா நீதிபதியிடம். மன்றோ தலைமையிலான குழுவின் பரிந்துரையில் வந்த 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள் காவலையும் மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் கலெக்டரிடமே கொடுத்தன. கிராம முன்சீப்புக்கு (ஊர் அளவிலான நீதிபதி) பத்து ரூபாய் வரையிலான வழக்குகள், இந்தியரான மாவட்ட முன்சீப்புக்கு இருநூறு ரூபாய் வரை, மற்றபடி கிராமப் பஞ்சாயத்து. தூரத்து நீதிமன்றத்துக்கு அலைந்து அழியாமல் ஊரிலேயே தீர்த்துக்கொள்ளட்டும் என்பது நோக்கம். பஞ்சாயத்து நீதிமன்றங்களை மக்கள் அதிகம் நாடவில்லை. மாவட்ட முன்சீப் பதவிதான் வேரூன்றி நின்றது.

வரி கேட்பவரே தண்டிக்கவும் செய்யலாம் என்று வைத்தது அவர் செய்த பெரிய பிழை என்று நினைக்கிறேன். அவரைப் போல ஊரோடு பேசத் தெரிந்தவர் கையில் அது சுலபமான நிர்வாகம். மற்றவர் கையில் என்ன ஆயிற்று என்பதற்குக் கீழே வருகிறேன்.

மராட்டியப் போரில் அவர் பங்கு?

1817–18இல் தார்வார், பாதாமி, பெல்காம் பகுதிகளைச் சிறு படையோடு பிடித்தார். படை போதாததால் உள்ளூர் ஆட்களையே சேர்த்துக்கொண்டார். 1819இல் ஜார்ஜ் கேனிங் நாடாளுமன்றத்தில் அவரைப் புகழ்ந்து பேசினார். ஆளுநர் பதவிக்கு அது ஒரு படி.

ஆளுநராக அவர் எடுத்த பள்ளிக் கணக்கெடுப்பு ஏன் இன்றும் பேசப்படுகிறது?

1822 ஜூனில் எல்லாக் கலெக்டர்களுக்கும் ஒரு உத்தரவு போனது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை பள்ளிகள், யார் படிக்கிறார்கள், எந்தச் சாதி, என்ன கற்பிக்கிறார்கள் என்று எழுதி அனுப்புங்கள் என்று. பதில்கள் வந்து சேர நான்கு ஆண்டுகள் ஆயின. 1826 மார்ச்சில் மன்றோ தொகுத்துச் சொன்ன கணக்கு: 1,28,50,941 மக்கள்தொகைக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதாவது ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. ஐந்து முதல் பத்து வயது ஆண்பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளியில் இருந்தார். வீட்டில் படித்தவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவர் என்பது அவர் மதிப்பீடு.

எல்லாம் திண்ணைப் பள்ளிகள். மணலில் எழுதி, ஓலைச்சுவடி பிடித்து, எண்சுவடி மனப்பாடம் செய்து படித்தவர்கள். தமிழ் மாவட்டங்களில் பிராமணப் பிள்ளைகள் கால்பங்குக்கும் குறைவு. சூத்திரர் என்று பதிவானவர்களே பெரும்பான்மை. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இந்த ஆவணங்களைத் தோண்டி எடுத்து 1980களில் வெளியிட்ட பிறகு, பழைய கல்வி பற்றிய பேச்சே மாறியது.

சரி, அதற்காக அந்தக் காலத்தை மிகைப்படுத்தவும் கூடாது. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திண்ணையில் இடமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எண்களும் சீரானவை இல்லை. சென்னை நகரில் பள்ளியில் படித்தவர்கள் 5,523, வீட்டில் படித்தவர்கள் 26,963 என்று வந்ததைப் பார்த்து, இதில் ஏதோ பிழை இருக்கும் என்று மன்றோவே எழுதினார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான். தம் வாதத்துக்குச் சாதகமான எண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறார்.

ஆசிரியர்களுக்கு வருமானம் போதவில்லை, அதனால்தான் கல்வி தாழ்ந்திருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொரு கலெக்டர் பகுதியிலும் இந்துக்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, தாசில்தோறும் ஒன்று என்று அரசு செலவில் பள்ளிகள் கேட்டார். தொடங்கவும் தொடங்கினார்கள். மறு ஆண்டு அவர் இறந்தார். 1830களில் திட்டம் கைவிடப்பட்டது. பணம் ஆங்கிலக் கல்விக்குத் திரும்பியது.

இந்தியர்கள் தம்மைத் தாமே ஆள வேண்டும் என்று உண்மையிலேயே எழுதினாரா?

எழுதினார். 1824 டிசம்பர் 31 தேதியிட்ட நீண்ட குறிப்பில். ஒரு நாட்டு மக்களை உயர்ந்த பதவிகளிலிருந்து ஒதுக்கி வைத்தால் அவர்கள் குணமே தாழ்ந்துபோகும். பொறுப்பையும் கௌரவமான சம்பளத்தையும் கொடுங்கள், நேர்மை தானாக வரும் என்பது அதன் சாரம். இந்தியர்கள் ஒழுங்கான அரசு ஒன்றை அமைத்து நடத்தத் தகுதி பெறும் காலம்வரை இந்த ஆட்சி இருக்கட்டும் என்றார். அந்தக் காலம் தொலைவில் இருப்பதாகவே அவர் நினைத்தார். தகுதியை அளக்கும் கோல் வெள்ளைக்காரர் கையில் இருப்பதும் அவருக்கு உறுத்தவில்லை. இருந்தாலும், ஒரு முடிவு உண்டு என்று 1824இல் ஒரு ஆளுநர் எழுதியது சிறிய விஷயமில்லை.

இதையே மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் 1822 ஏப்ரல் குறிப்பையும் படிக்க வேண்டும். அதில், சுதந்திரமான பத்திரிகையும் அந்நியர் ஆட்சியும் ஒன்றாக இருக்கவே முடியாது என்று சொல்லி, இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரத்தை எதிர்த்தார். மக்கள் படித்தால் முதலில் கேட்பது அந்நியனை ஏன் பொறுக்க வேண்டும் என்பதாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு குறிப்புகளும் ஒரே மனிதருடையவை. தம் ஆட்சி யாருடைய சம்மதத்தாலும் நிற்கவில்லை என்று தெளிவாகத் தெரிந்த ஒருவர் எழுதியவை.

ரயத்துவாரி உழவர்களுக்கு நன்மை செய்ததா?

இதற்கு ஒரு சொல்லில் பதில் இல்லை.

பட்டா கிடைத்தது. தன் நிலம் எது, கட்ட வேண்டியது எவ்வளவு என்று உழவருக்குத் தெரிந்தது. ஜமீன் பகுதிகளில் அடுத்த நூறு ஆண்டுகள் நடந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய வேறுபாடு.

ஆனால் தீர்வை பணமாகக் கட்ட வேண்டும், குறித்த தவணையில் கட்ட வேண்டும். கிஸ்தி நாள் வரும்போது நெல் விலை விழுந்திருக்கும். கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். ‘நேரடி உறவு’ என்று மேலே எழுதியிருந்தாலும், கீழே உழவர் பார்த்தது கலெக்டரை இல்லை, தாசில்தாரின் சேவகரை. 1855இல் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. வரி பாக்கிக்காக விரலைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். கழுத்தில் கயிறு கட்டிக் கால் கட்டைவிரலோடு இழுத்து, வெயிலில் குனிய வைத்தார்கள். அந்தக் கொடுமைக்கு ‘அனுந்தால்’ என்று பெயர். வரியும் தண்டனையும் ஒரே அலுவலகத்தில் சேர்ந்தது இந்த இடத்தில்தான் கொண்டுவந்து விட்டது.

இன்னொன்று, ரயத்து என்று எழுதப்பட்டவர் யார்? காவிரிக் கரையில் பட்டா மிராசுதார் பெயரில். சேற்றில் இறங்கியவர் பண்ணையாள். பள்ளரும் பறையரும் தலைமுறை தலைமுறையாக உழுத வயலுக்கு அவர்கள் பெயரில் பட்டா எழுதப்படவில்லை. அரசு உழவரோடு நேரே பேசுகிறது என்ற பெருமைப் பேச்சில் அவர்கள் இல்லவே இல்லை.

மந்திராலயத்தில் ராகவேந்திரர் அவருக்குக் காட்சி கொடுத்தாரா?

பக்தர்கள் சொல்லும் கதை இது. மடத்தின் மானிய நிலத்தைப் பற்றி விசாரிக்க வந்த மன்றோ, தொப்பியையும் காலணியையும் கழற்றிவிட்டுப் பிருந்தாவனத்தின் முன் நின்று யாரோடோ பேசினார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து மானியம் தொடரட்டும் என்று உத்தரவு போட்டார் என்பார்கள். திருமலையில் ‘மன்றோ கங்காளம்’ என்று பொங்கல் நைவேத்தியப் பாத்திரத்தோடு ஒரு கதை உண்டு. கடப்பைப் பக்கம் கண்டி என்ற இடத்தில், பாபாக்னி ஆற்றின் மேலே தொங்கும் பொன் தோரணத்தை அவர் கண்டார், சாவு நெருங்கிய நல்லவர் கண்ணுக்கே அது தெரியும் என்று இன்னொன்று.

நான் இவற்றை வரலாற்று ஆவணமாக எடுத்துக்கொள்வதில்லை, தள்ளிவிடவும் இல்லை. கம்பெனி அப்போது ஊர்தோறும் மானிய நிலங்களைத் துருவிக்கொண்டிருந்தது உண்மை. எந்தக் கோயில் நிலம் எப்போது போகுமோ என்ற பயத்தின் நடுவே, காது கொடுத்துக் கேட்ட ஒரு அதிகாரியை மக்கள் தங்கள் தெய்வங்களோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ‘மன்றோலப்பா’ என்று பெயர் வைத்ததும் உண்டு.

எப்படி இறந்தார்?

ஊர் திரும்ப அனுமதி கேட்டிருந்தார். பர்மியப் போர் வந்து தடுத்தது. அதற்குப் படையும் தளவாடமும் அனுப்பியதற்காக 1825இல் பாரனெட் பட்டம் கிடைத்தது. 1826இல் மனைவி, உடல்நலம் குன்றிய இளைய மகனோடு இங்கிலாந்து போய்விட்டார். போர் முடிந்து, கிளம்பும் நேரம் வந்தபோது, கடைசியாக ஒருமுறை தத்த மண்டலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். முகாமில் காலரா பரவியது. பத்திகொண்டாவில் 1827 ஜூலை 6 காலையில் அவருக்கும் கண்டது. அன்று இரவே உயிர் போயிற்று. கூத்தியில் புதைத்தார்கள். 1831இல் சென்னைக்குக் கொண்டுவந்து, கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயத்தில் வைத்தார்கள்.

சிலையில் சேணம் இல்லையே, சிற்பி மறந்துவிட்டாரா?

மறக்கவில்லை. சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அவர் செய்த நான்காம் ஜார்ஜ் சிலையிலும் சேணமும் அங்கவடியும் கிடையாது. அது அவர் பாணி. மன்றோ சிலை மக்கள் கொடுத்த நிதியில் செய்யப்பட்டு, 1839இல் சென்னைத் தீவுத்திடல் அருகே நிறுத்தப்பட்டது.

அவர் செய்ததில் இன்று என்ன மிச்சம் இருக்கிறது?

பட்டா, சிட்டா, அடங்கல் என்ற சொற்களோடு தாலுகா அலுவலகத்துக்குப் போன யாருக்கும் தெரியும். ஆண்டுதோறும் கோடையில் ஜமாபந்தி நடக்கிறது. பசலி என்ற வருவாய் ஆண்டின் கணக்கை முடிக்கிறார்கள், மனு வாங்குகிறார்கள். ஜூலை 1இல் புதுப் பசலி பிறக்கிறது. கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980இல் போய், கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

எல்லாவற்றையும் விட, விடுதலைக்குப் பின் 1948இல் சென்னை மாகாணம் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் போட்டபோது, அந்த நிலங்களை எதுவாக மாற்றினார்கள் தெரியுமா? ரயத்துவாரியாக. சட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. ஜமீன் கிராமங்களில் பல குடும்பங்களுக்கு முதல் பட்டா அப்போதுதான் வந்தது. எங்கள் தகரப்பெட்டியில் இருப்பதும் அதற்குப் பிந்தையதுதான். தாத்தாவின் பெயர், சர்வே எண், கீழே புஞ்சைத் தீர்வை.